ஓடோமீட்டரில் வராத கணக்கு

2013 மாடல் கியா சொரெண்டோ. அதே ஆண்டின் ஹூண்டாய் சான்டா ஃபே ஸ்போர்ட். அமெரிக்காவில் பழைய எஸ்.யூ.வி. தேடும் குடும்பங்களின் கண்ணில் அடிக்கடி படும் வண்டிகள் இவை. உயரமான இருக்கை. விசாலமான பின்பகுதி. சொரெண்டோவில் மூன்றாவது வரிசையும் கிடைக்கும்.

வாங்குபவர் வழக்கமாகப் பார்ப்பவை நான்கு: ஓடிய மைல், டயர், துரு, விபத்து வரலாறு. கீழே வரும் எதுவும் இந்த நான்கிலும் தெரியாது.

இது அமெரிக்கச் சந்தைக்கான பெட்ரோல் வண்டிகளின் வரலாறு. இந்தியாவில் விற்கப்பட்ட சான்டா ஃபே டீசல் வண்டி. அதன் எஞ்சின் வேறு.

எஞ்சின்

பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். இரண்டையும் இணைப்பது கனெக்டிங் ராட். கிராங்க் ஷாஃப்டை ராட் பற்றியிருக்கும் இடத்தில் மெல்லிய உலோக வளையம் ஒன்று உண்டு. அது பேரிங். பேரிங்கும் கிராங்க் ஷாஃப்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இடையில் ஆயில் படலம் இருக்க வேண்டும். அந்தப் படலம் தலைமுடியைவிட மெல்லியது.

இந்த வண்டிகளில் பலவற்றில் இருப்பது 'தீட்டா 2' என்ற எஞ்சின். 2.4 லிட்டரில் ஒன்று, டர்போவுடன் 2.0 லிட்டரில் ஒன்று என இரு வகை. ஹூண்டாயின் அலபாமா ஆலையில் கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது உருவான உலோகத் துகள்கள் முழுதாக அகற்றப்படவில்லை. துகள் இருந்தால் பேரிங்குக்குப் போகும் ஆயில் குறையும். ஆயில் குறைந்தால் படலம் கிழியும். பேரிங் தேயும். தேய்ந்த பேரிங்கிலிருந்து புதிய துகள்கள் வரும்.

முதல் அறிகுறி, எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறையும் ஒரு தட்டல் ஒலி. அடுத்து ஆயில் விளக்கு எரியும். அதற்கடுத்து எஞ்சின் நிற்கும். அது நெடுஞ்சாலையின் நடுத்தடத்திலும் நிற்கலாம். ராட் உடைந்தால் எஞ்சின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளை வழியே ஆயில் கொட்டும். கீழே சூடான புகைக்குழாய் இருக்கிறது.

2015 செப்டம்பரில் ஹூண்டாய் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களுக்கு ரீகால் அறிவித்தது. ரீகால் என்பது பாதுகாப்புக் குறையைச் செலவின்றிச் சரிசெய்து தர வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைப்பது. 2011, 2012 மாடல் சொனாட்டாக்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் இருந்தன. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த எஸ்.யூ.வி.க்கள் இல்லை.

2016 ஆகஸ்டில் ஹூண்டாயின் பொறியாளர் கிம் குவாங்-ஹோ சியோலிலிருந்து வாஷிங்டன் சென்றார். நிறுவனம் குறையை முழுதாகக் கையாளவில்லை என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் ஆவணங்களோடு தெரிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

2017 மார்ச் 31. சொனாட்டா, சான்டா ஃபே ஸ்போர்ட் சேர்த்து ஹூண்டாய் 5,72,000 வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. ஆப்டிமா, சொரெண்டோ, ஸ்போர்ட்டேஜ் சேர்த்து கியா 6,18,160 வண்டிகளுக்கு அறிவித்தது. சொரெண்டோவில் 2012 முதல் 2014 வரையிலான மாடல்கள் அடக்கம். முதல் ரீகாலுக்கும் இதற்கும் இடையே பதினெட்டு மாதம்.

இந்த ரீகாலில் செய்தது என்ன என்பது, இன்று பழைய வண்டி வாங்குபவருக்கு முக்கியம். எஞ்சின் பரிசோதிக்கப்பட்டது. பேரிங் பழுதாகியிருந்தால் மட்டுமே எஞ்சினின் கீழ்ப்பகுதி மாற்றப்பட்டது. மற்ற வண்டிகள் பழைய எஞ்சினோடு திரும்பின. எனவே 'ரீகால் முடிந்தது' என்ற பதிவு, 'எஞ்சின் மாற்றப்பட்டது' என்ற பொருளைத் தராது.

மாற்றப்பட்டவற்றிலும் ஒரு பகுதிக்கு இன்னொரு ரீகால் வந்தது. எஞ்சினை மாற்றியபோது உயர் அழுத்த எரிபொருள் குழாய் சரியாகப் பொருத்தப்படாமல் போயிருக்கலாம், பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று 2019 ஜனவரியில் இரு நிறுவனங்களும் அறிவித்தன. சுமார் 1,68,000 வண்டிகள் மீண்டும் அழைக்கப்பட்டன.

2019 ஏப்ரலில் பாதுகாப்பு நிர்வாகம் தீ விபத்துகள் பற்றி விசாரணை தொடங்கியது. விசாரணைக்கு உட்பட்டவை 2011 முதல் 2014 வரையிலான சொனாட்டா, சான்டா ஃபே, ஆப்டிமா, சொரெண்டோ, மேலும் 2010 முதல் 2015 வரையிலான கியா சோல். மொத்தம் ஏறத்தாழ 30 லட்சம் வண்டிகள். அப்போது கையில் இருந்த கணக்கு: மோதல் இல்லாமல் பற்றிய தீ 3,100க்கு மேல், காயம் 103, மரணம் 1.

மென்பொருள்

2018 இறுதியிலும் 2019இலும் இரு நிறுவனங்களும் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தன. எஞ்சினில் ஏற்கெனவே உள்ள நாக் சென்சார், அதாவது தட்டல் ஒலியை உணரும் கருவி, பேரிங் தேய்வின் அதிர்வையும் இனம்காணுமாறு செய்வது அதன் வேலை. அதிர்வு உணரப்பட்டதும் எச்சரிக்கை விளக்கு மினுக்கும். எஞ்சினின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுக்குள் கட்டுப்படுத்தப்படும். பி1326 என்ற பிழைக் குறியீடு பதிவாகும். சுமார் 37 லட்சம் வண்டிகளுக்கு இது அறிவிக்கப்பட்டது.

மென்பொருள் பேரிங்கைச் சரிசெய்வதில்லை. அது பழுதாவதை முன்கூட்டிச் சொல்கிறது.

2019 அக்டோபரில் ஒரு குழு வழக்கில் உடன்பாடு எட்டப்பட்டது. எஞ்சினின் கீழ்ப்பகுதிக்கு ஆயுட்கால வாரண்டி கிடைத்தது. இரண்டாம், மூன்றாம் உரிமையாளருக்கும் அது செல்லும். அதற்கு நிபந்தனைகள் உண்டு. மேற்சொன்ன மென்பொருள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். வண்டி கடுமையான பராமரிப்புப் புறக்கணிப்புக்கு உள்ளாகியிருக்கக் கூடாது. எஞ்சினுக்குள் படிந்த ஆயில் கசடு அதற்குச் சான்றாகக் கொள்ளப்படும். முதல் உரிமையாளர் ஆயில் மாற்றிய ரசீதுகள் மூன்றாம் உரிமையாளரிடம் இருப்பது அரிது. வாரண்டி மறுக்கப்பட்டால் எஞ்சின் மாற்றும் செலவு பல ஆயிரம் டாலர்.

2020 அக்டோபரில் இரு நிறுவனங்களும் எஞ்சின் தரச் செலவுக்காக 3.36 லட்சம் கோடி கொரிய வோன் ஒதுக்கின. அடுத்த மாதம், 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு உரிய காலத்தில் ரீகால் அறிவிக்கவில்லை என்று பாதுகாப்பு நிர்வாகம் ஹூண்டாய்க்கு 14 கோடி டாலரும் கியாவுக்கு 7 கோடி டாலரும் அபராதம் விதித்தது. ஒரு பகுதி உடனடியாகச் செலுத்த வேண்டியது, மீதி பாதுகாப்புப் பணிகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது. 2021 நவம்பரில், தகவல் தந்ததற்காகக் கிம் குவாங்-ஹோவுக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி வழங்கப்பட்டது.

நிற்கும் வண்டி

எஞ்சின் குறை, ஓடும் வண்டியின் குறை. அடுத்தது அப்படியல்ல.

ஏ.பி.எஸ். மாட்யூல் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி. பிரேக் திரவமும் மின்சுற்றும் அதில் அருகருகே இருக்கின்றன. திரவம் உள்ளேயே கசிந்து மின்சுற்றைத் தொட்டால் மின்கசிவு ஏற்படும். சாவியைக் கழற்றிய பிறகும் மாட்யூலுக்கு பேட்டரியின் தொடர்பு இருக்கிறது. எனவே அணைத்து நிறுத்திய வண்டியும் பற்றலாம்.

2023 செப்டம்பரில் இரு நிறுவனங்களும் இதற்காக 33.7 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தன. 2013 முதல் 2015 வரையிலான சான்டா ஃபே, 2011 முதல் 2014 வரையிலான சொரெண்டோ ஆகியவை பட்டியலில் இருந்தன. அதுவரை பதிவான தீ: ஹூண்டாயில் 21, கியாவில் உருகிய சம்பவங்களும் சேர்த்துக் குறைந்தது 10. காயம்பட்டோர் யாரும் இல்லை. உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை: திருத்தம் முடியும்வரை வண்டியை வெட்டவெளியில், கட்டடங்களிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கராஜ் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியது. அதன் ஒரு சுவர் வீட்டின் சுவர். மேலே படுக்கையறை இருப்பதும் உண்டு.

திருத்தம் ஒரு ஃபியூஸ். அது மாட்யூலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். கசிவை நிறுத்தாது. 2023 நவம்பரில் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு தணிக்கையைத் தொடங்கியது. இதே வகைக் குறைக்காக 2016 முதல் வந்த 16 ரீகால்கள் அதில் அடங்கின. அவற்றின் கீழ் வந்த வண்டிகள் 64 லட்சம்.

சாவி

இம்மொபிலைசர் என்பது சாவியிலுள்ள சிப்பை அடையாளம் கண்ட பிறகே எஞ்சினை இயங்கவிடும் கருவி. 2015 மாடல்களில் மற்ற நிறுவனங்களின் வண்டிகளில் 96 சதவீதத்தில் இது நிலையான வசதியாக இருந்தது. ஹூண்டாய், கியாவில் 26 சதவீதம். கனடாவில் 2007 முதல் இது சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயமில்லை.

2021, 2022இல் திருகும் சாவியுள்ள இந்த வண்டிகளைத் திருடும் முறை சமூக ஊடகக் காணொளிகளாகப் பரவியது. 2023 பிப்ரவரியில் நிறுவனங்கள் சுமார் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவச மென்பொருள் அறிவித்தன. இந்தத் திருட்டுகளோடு தொடர்புடைய மோதல்கள் குறைந்தது 14, மரணங்கள் 8 என்று பாதுகாப்பு நிர்வாகம் அப்போது தெரிவித்தது. சில நகரங்களில் இந்த வண்டிகளின் சில மாடல்களுக்குப் புதிய காப்பீடு தர இரண்டு பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. வாங்கிய பிறகு இதை அறிபவரும் உண்டு.

சட்டம்

2004 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் 24, 20 வயதுள்ள இரு சகோதரிகள் ஒரு வாடகைக் காரில் சென்றார்கள். ஸ்டீயரிங் திரவம் கசிந்து தீப்பிடிக்கும் குறைக்காக அந்தக் காருக்கு ரீகால் கடிதம் ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே வந்திருந்தது. திருத்தம் செய்யப்படவில்லை. கார் பற்றி, கட்டுப்பாடு இழந்து, லாரியில் மோதியது. இருவரும் இறந்தார்கள்.

அவர்களின் பெயர் தாங்கிய சட்டம் 2015 டிசம்பரில் நிறைவேறியது. 35க்கு மேல் வண்டி வைத்திருக்கும் வாடகை நிறுவனம், ரீகால் முடியாத வண்டியை வாடகைக்கு விடக்கூடாது. 2016 ஜூன் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. புதிய காரை ரீகால் திருத்தம் முடியாமல் டீலர் விற்பதற்கு அதற்கு முன்பே தடை உண்டு.

பழைய காரை அப்படி விற்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை. வாடகைக்கு விடக்கூடாத அதே வண்டியை மறுநாள் ஒரு குடும்பத்துக்கு விற்கலாம்.

ரீகால் கடிதம் பதிவிலுள்ள உரிமையாளரின் முகவரிக்குப் போகும். வண்டி கைமாறி, பதிவு மாறாத இடைவெளியில் வரும் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். முந்தைய உரிமையாளருக்கு வந்த கடிதத்தை வாங்குபவர் பார்ப்பதில்லை. வண்டிக்கு வயது ஏற ஏற, திருத்தம் செய்துகொள்பவர்களின் விகிதம் குறைகிறது.

எண்

ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் உண்டு. முன்கண்ணாடியின் கீழே ஓட்டுநர் பக்கம் தெரியும். அதைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இட்டால் முடியாத ரீகால்கள் வரும். கட்டணம் இல்லை. ஒரு நிமிடம் ஆகும்.

அந்தத் தேடல் பாதுகாப்பு ரீகால்களை மட்டுமே காட்டும். நிறுவனங்கள் 'தர மேம்பாடு' என்ற பெயரில் தாமாகச் செய்யும் திருத்தங்களைக் காட்டாது. நாக் சென்சார் மென்பொருள் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்தப் பெயரில்தான் வந்தது. ஆகவே ரீகால் எதுவும் பாக்கியில்லை என்று திரை காட்டும் வண்டியிலும் அந்த மென்பொருள் இல்லாமல் இருக்கலாம். மென்பொருள் இல்லாவிட்டால் ஆயுட்கால வாரண்டி கேள்விக்குரியது. மென்பொருள் ஏற்றப்பட்டதா, எஞ்சின் மாற்றப்பட்டதா, எந்தத் தேதியில் என்பதை அந்த 17 எழுத்துகளைக் கொடுத்து நிறுவனத்தின் டீலர் சர்வீஸ் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். கேட்காதவரிடம் சொல்ல வேண்டிய கடமை கூட்டாட்சிச் சட்டப்படி விற்பவருக்கு இல்லை.

கடைசியாக ஒரு கெடு. ரீகால் திருத்தத்தை இலவசமாகச் செய்ய வேண்டிய சட்டக் கடமை, வண்டி முதன்முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் அறிவிக்கப்படும் ரீகாலுக்கு மட்டுமே. 2011இல் விற்ற வண்டிகளுக்கு அந்தக் கெடு 2026இல் முடிகிறது. 2013இல் விற்றவற்றுக்கு 2028இல். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் குறையின் செலவு, அன்று வண்டி யார் கையில் இருக்கிறதோ அவருடையது.