சேவலா, கோழியா? பொரித்த அன்றே நிறம் காட்டும் குஞ்சுகள்

முட்டைக்கான கோழி இனங்களில் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவல்கள். அவை முட்டையிடா, இறைச்சிக்கேற்ற எடையும் விரைவில் கூடாது. எனவே, முதல் நாளிலேயே பாலினத்தை அறிவது தீவனச் செலவைக் குறைக்கும்.

இதற்கு நிறமே உதவுகிறது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், கோழிக்கு ஒன்றுதான். தாய்க்கோழி அதை ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கடத்தும். இறகில் வரிகளை உண்டாக்கும் மரபணு அதில்தான் உள்ளது. ஆகவே, ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வரியிறகு பிளைமவுத் ராக் கோழியுடன் இணைத்தால், கருநிறக் குஞ்சுகளில் தலையில் வெண்புள்ளி உள்ளவை சேவல்கள், இல்லாதவை கோழிகள். பெற்றோரை இடம் மாற்றினால் எல்லாக் குஞ்சுகளுக்குமே புள்ளி இருக்கும்!

இக்கலப்பினத்தின் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் பயன்படாது. இதற்குத் தீர்வாகவே கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் ரெஜினால்ட் பன்னெட், மைக்கேல் பீஸ் ஆகியோர் 1930-ஆம் ஆண்டையொட்டி 'கேம்பார்' இனத்தை உருவாக்கினர். அதில் வரி மரபணு சேவலுக்கு இரண்டு, கோழிக்கு ஒன்று. எனவே, சேவல் குஞ்சுகள் வெளிறியிருக்கும். தலைமுறைதோறும் இவ்வேறுபாடு தொடரும்.

எனினும், பொரித்த பிறகே நிறம் தெரியும் என்பதால், ஆண் குஞ்சுகள் அழிக்கப்படுவதை இம்முறை தடுப்பதில்லை. 2022 முதல் அதற்குத் தடை விதித்த ஜெர்மனியில், முட்டைக்குள்ளேயே பாலினத்தை அறியும் தொழில்நுட்பம் பயன்பாட்டுக்கு வந்துள்ளது.