மாத்திரை தயார், டாக்டர் தயாரா?

தாம்பரம் சானடோரியம் 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1990-களில் எச்.ஐ.வி தொற்றுள்ளவர்கள் அங்கே வந்து சேர்ந்தபோது, அவர்களில் பலரைப் படுக்கையில் தள்ளியிருந்ததும் காசநோய்தான். இன்றும் உலக அளவில் எச்.ஐ.வி உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது அதுவே.

தடுக்க மாத்திரை உண்டு. தினமும் 300 மில்லிகிராம் ஐசோநியாசிட், கூடவே வைட்டமின் பி6, ஆறு மாதம். உலக சுகாதார நிறுவனம் இதை 1990-களிலேயே பரிந்துரைத்துவிட்டது. நம் ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி கூட்டு மருந்து சிகிச்சை) மையங்களில் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்ததோ 2016 இறுதியில். இந்தத் தாமதத்தில் மருத்துவர்களின் தயக்கத்துக்கும் பங்கு உண்டு.

“ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடாதா?” என்பதுதான் முதல் பயம். பயம் நியாயமானதே. காசநோய்க்கு ஒற்றை மருந்து ஆகாது என்பது மருத்துவக் கல்லூரியில் மனதில் பதியவைக்கப்படும் பாடம். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சென்னையில் கேட்கவே வேண்டாம். ஆனால், அந்தப் பாடம் நோய் வெளிப்பட்டவருக்கு. அவர் நுரையீரலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். மருந்துக்கு மசியாத சில அவற்றில் ஒளிந்திருக்கும். நோயாக மாறாமல் உடலில் உறங்கும் தொற்றில் கிருமிகள் சொற்பம். அங்கே ஒரு மருந்தே போதும். இதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தடுப்பு மாத்திரையால் மருந்து எதிர்ப்பு கூடியதாகத் தெளிவான சான்று இல்லை.

நோய் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை என நான்கு கேள்விகள். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் சளிப் பரிசோதனை. நான்குக்கும் ‘இல்லை’ என்றால் மாத்திரையைத் தொடங்கலாம். தோல் பரிசோதனை கட்டாயமில்லை. “அடுத்த தடவை பார்க்கலாம்” என்று திருப்பி அனுப்புவதுதான் ஆபத்து.

“நல்லாத்தானே இருக்கார், எதுக்கு இன்னொரு மாத்திரை?” என்பது இன்னொரு தயக்கம். ஏ.ஆர்.டி காசநோய் அபாயத்தைக் குறைக்கும், ஒழிக்காது. ஐவரி கோஸ்ட்டில் நடந்த ‘டெம்ப்ரானோ’ ஆய்வில், ஆறு மாதம் ஐசோநியாசிட் எடுத்தவர்களிடம் மரணம் 37 சதவீதம் குறைந்தது. ஏ.ஆர்.டியைச் சீக்கிரமே தொடங்கியவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்தது.

கல்லீரல் பற்றிய கவலையை நான் ஒதுக்க மாட்டேன். குடிப்பழக்கமோ மஞ்சள் காமாலையோ இருந்தால் கவனம் தேவை. அது அவர்களுக்குத் தள்ளிப்போடவோ கண்காணிக்கவோ காரணம். எல்லோருக்கும் மறுக்கக் காரணமல்ல. வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டே வேளையில் முடியும் ரிஃபாபென்டின் கூட்டு மருந்தும் வந்துவிட்டது.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ ஏ.ஆர்.டி எடுப்பவர் என்றால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, “எனக்கு டி.பி தடுப்பு மாத்திரை கொடுத்தாச்சா, டாக்டர்? இல்லேன்னா ஏன்?” என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.