உஷார்! ஈறு இறங்கிவிட்டதா? வேர் கரைகிறது!

பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்! வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்த கையோடு பல் தேய்க்கிற ஆளா நீங்கள்? அதிலும் ஐம்பதைத் தாண்டி, ஈறு இறங்கி, பல் நீண்டு தெரிகிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

ஈறுக்கு மேல் எட்டிப்பார்ப்பது பல்லின் வேர். அதற்கு எனாமல் கிடையாது. சிமென்டம் என்கிற மெல்லிய பூச்சு உண்டு. அழுத்தித் தேய்த்தே அதைப் போக்கிவிடுகிறோம். அடுத்தது டென்டின். எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. டென்டினில் சுமார் 70தான். மீதி கொலாஜனும் தண்ணீரும். எனாமல் கரைய பிஎச் அளவு 5.5 வரை இறங்க வேண்டும். வேருக்கு 6.2 முதல் 6.7 போதும். எனாமல் சட்டையே செய்யாத அமிலத்துக்கு வேர் கரைந்துவிடும். எலுமிச்சைச் சாறோ 2-க்கும் 3-க்கும் நடுவில்!

அமிலம் கரைப்பது தாதுவை மட்டும்தான். கொலாஜன் வலை அப்படியே நிற்கும். அது இருக்கும்வரை தாது திரும்ப வந்து படிய இடமுண்டு. அந்த வலையையும் தின்று தீர்ப்பது கிருமிகள் மட்டுமல்ல. டென்டினுக்குள்ளும் எச்சிலிலும் எம்எம்பி என்ற நொதிகள் முடங்கிக் கிடக்கின்றன. அமிலம் அவற்றை எழுப்பிவிடும். எச்சில் வந்து அமிலத்தைத் தணித்ததும், சாவகாசமாகக் கொலாஜனை அறுக்கத் தொடங்கும். நம் பல்லை நம் நொதியே தின்கிறது!

இப்படி வேரில் விழும் சொத்தை பெரும்பாலும் வலிக்காது. கறுப்பைக் கண்டு பதறுகிறோம். ஆனால் கெட்டியாகப் பளபளக்கும் கறுப்பு பெரும்பாலும் நின்றுபோன சொத்தை. ஈறோரத்தில் மஞ்சளும் பழுப்புமாக, தோல்போல மெத்தென்று இருப்பதுதான் ஓடிக்கொண்டிருக்கும் சொத்தை. வேரைச் சுற்றி வளைத்துவிட்டால், முறுக்கு கடிக்கையில் பல் கழுத்தோடு முறியும்.

புளிப்பு குடித்தால் தண்ணீரால் கொப்பளியுங்கள். பல் தேய்க்க ஒரு மணி நேரமாவது போகட்டும். கரித்தூள், செங்கல்பொடி எல்லாம் குப்பைக்கு. அலர்ஜி, மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் எச்சிலை வற்றவைக்கும்; அந்த வறட்சிக்குப் புளிப்பு மிட்டாய் சப்புவது எரிகிற தீயில் எண்ணெய்! வேரில் சொத்தை இருந்தால் 5000 பிபிஎம் ஃப்ளோரைடு பேஸ்ட்டோ, சில்வர் டயமின் ஃப்ளோரைடு பூச்சோ பல் மருத்துவர் தருவார். பூச்சு போட்ட இடம் கறுக்கும், பரவாயில்லை. போகும்போது மறக்காமல் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.