கடல் கடக்கும் தூசி

மூக்கண்டப்பள்ளித் தாய்மார்களுக்குத் தூசியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. காலையில் துடைத்த சன்னலில் மாலைக்குள் மீண்டும் அது படிந்துவிடும். நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையுமே அதற்குக் காரணம் என்பர், பெரும்பாலும் உண்மையே. ஆயினும் கடல் கடந்து வந்து மழையோடு உறவாடும் தூசியும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஆனி, ஆடி மாதங்களில் அரேபியப் பாலைவனத்தில் எழும் பெருங்காற்று, மண் துகள்களை வாரி அரபிக்கடலின்மேல் பரப்புகின்றது. பருமணல் விரைவில் வீழ்ந்துவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கேயுள்ள நுண்துகள்கள் நாட்கணக்கில் வானில் தங்கும். தூசி மிகுந்தால் மழை குன்றும் என்றே நாம் எண்ணுவோம். 2014-ஆம் ஆண்டு வினோஜ் என்ற அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட முடிவோ வேறு. துகள்கள் கதிரவனின் ஒளியை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகின்றன. அவ்வெப்பம் கடலின் ஈரக்காற்றை இந்தியாவை நோக்கி மிகுதியாக ஈர்க்கின்றது. ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் நடு இந்தியாவில் மழை வலுக்கின்றது. நம் ராகிக் கொல்லைகளுக்கு இதை அப்படியே பொருத்துதல் தகாது. எனினும் எவருக்கும் வேண்டாத தூசிக்கும் ஒரு பணி உண்டென்பது வியப்பன்றோ!

சகாராவின் தூசி அட்லாண்டிக் கடலைத் தாண்டி, ஆண்டுதோறும் ஏறக்குறைய 22,000 டன் பாஸ்பரசை அமேசான் காடுகளுக்கு உரமாக இடுகின்றது என்று அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் 2015-இல் கணக்கிட்டனர்.

மனிதன் எழுப்பும் தூசியின் கதை வேறு. 1999-இல் இந்தியப் பெருங்கடலில் நடந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியோர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்திரன் இராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் ஆவர். (இருவருமே திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் இடம் பெற்றவர்கள்.) குளிர்காலத்தில் கடல்மேல் பழுப்புநிற மூட்டம் கவிந்திருக்கக் கண்டார்கள். அடுப்பும் வாகனமும் ஆலையும் உமிழ்ந்த கரி அதில் கலந்திருந்தது. அது கடலில் படும் வெயிலைக் குறைப்பதால், நீர் ஆவியாதலும் குறைகின்றது.

துகளைக் கடல் கடக்கச் செய்யும் அதே நுண்மைதான், மூக்கையும் தொண்டையையும் ஏய்த்து அதை நுரையீரலின் அடிவரை செல்லவும் விடுகின்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல் அறுப்போர் இதை மறத்தலாகாது. நீர் பாய்ச்சி அறுத்தால் தூசி பெரிதும் அடங்கும்; உலர அறுத்தால் சிலிக்கா நெஞ்சில் தங்கும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. காசநோயென்று பிறழ உணரப்படுவதும் உண்டு. ஆகவே, இருமல் நீடித்து மருத்துவரிடம் செல்வோர், தாம் கல்லறுக்கும் தொழிலாளர் என்பதையும், எத்தனை ஆண்டுகளாக அத்தொழில் செய்கின்றனர் என்பதையும் முதலிலேயே கூறிவிட வேண்டும்.