ஹால்ஸ்டாட் மலையின் குப்பை

ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, ஏரிக்கும் செங்குத்துப் பாறைக்கும் இடைப்பட்ட கீற்று நிலத்தில் இருக்கிறது ஹால்ஸ்டாட். ஆயிரம் பேர்கூட வாழாத ஊர். ஆனால் மத்திய ஐரோப்பாவின் முற்பட்ட இரும்புக்காலப் பண்பாட்டுக்கே இதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1846இல் சுரங்க அதிகாரி யோஹான் கியோர்க் ராம்சவர் ஊருக்கு மேலுள்ள பள்ளத்தாக்கில் தோண்டத் தொடங்கினார். 1863 வரை ஏறத்தாழ ஆயிரம் புதைகுழிகள் வெளிப்பட்டன. வாள், வெண்கலப் பாத்திரம், அம்பர் மணி என ஒரே செல்வம். எல்லாம் அந்த மலையைக் குடைந்து எடுத்த உப்பை விற்ற காசு.

என்னைக் கேட்டால், அந்தப் புதையலைவிடச் சுரங்கத்துக் குப்பைதான் உசத்தி.

கருவாடு ஏன் கெடுவதில்லையோ அதே காரணத்தால் இங்கே குப்பையும் கெடவில்லை. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் நுண்ணுயிரிகள் பெருக முடியாது. போதாததற்கு, மலையின் பாரம் அழுத்த அழுத்த உப்புப்பாறை மெல்ல நகர்ந்து, கைவிட்ட சுரங்கங்களைத் தானே மூடிவிடும். எரிந்த பந்தக் குச்சி, அறுந்த கயிறு, தோலால் செய்த முதுகுக்கூடை, சாயம் தோய்த்த துணிக் கிழிசல் எல்லாம் அப்படியே உள்ளே அகப்பட்டுக்கொண்டன. 2003இல் எட்டு மீட்டர் நீள மரப் படிக்கட்டே கிடைத்தது. மர வளையங்களைக் கொண்டு கணித்தால், அதற்கான மரங்களை வெட்டியது கி.மு. 1344ஐ ஒட்டி. சுரங்கத்தின் சாய்வுக்கேற்பப் படிகளைத் திருப்பி வைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். கழற்றிப் பூட்டவும் முடியும்!

தொழிலாளர்கள் உள்ளேயே உண்டு, உள்ளேயே மலமும் கழித்தார்கள். முகம் சுளிக்க வேண்டாம்; விஷயம் அதில்தான் இருக்கிறது. சுமார் 2,700 ஆண்டுப் பழைய மலத்தை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவில் இரண்டு பூஞ்சைகள் ஏராளமாகத் தென்பட்டன. ஒன்று நீலப் பாலாடைக்கட்டியை முதிர வைப்பது, மற்றது பீர் நொதிக்க வைக்கும் ஈஸ்ட். தானியக் கஞ்சியும் அவரையும் தின்று மாரடித்த கூட்டம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். பாலாடைக்கட்டியைப் பக்குவம் பார்த்து முதிர வைக்கத் தெரிந்தவர்கள், பீரும் குடித்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

1734இல் உப்புக்குள் பலகைபோல் நசுங்கிய ஒரு மனித உடலும் கிடைத்தது. எந்தக் காலத்தவர் என்று யாரும் ஆராயவில்லை, ஊரார் புதைத்துவிட்டார்கள். அந்த இழப்பை ஈடுசெய்ய இன்னொரு உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஹால்ஸ்டாட் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் மேலே ஏறிச் சுரங்கத்தையும் பாருங்கள். அந்த மலையில் இன்றும் உப்பு எடுக்கிறார்கள்.