உங்களுக்குத் தெரியுமா? புற்றுநோய் மாத்திரை தரும் குழந்தை வரம்

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்ணுக்குக் கரு தங்க டாக்டர் எழுதித்தரும் லெட்ரோசோல், முதலில் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மாத்திரை. மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வந்து கூகுளில் தேடிப் பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம்.

இந்த மாத்திரை ஈஸ்ட்ரோஜனைச் சில நாள் குறைக்கிறது. உடனே மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'போதவில்லையே' என்று, முட்டைப்பைகளை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. பாதி வளர்ச்சியில் நின்றுபோன முட்டைப்பைகளில் ஒன்று முதிர்ந்து வெடிக்க, கருமுட்டை வெளிவருகிறது. பெரும்பாலும் மாதவிலக்கான 3-ஆம் நாளிலிருந்து 5 நாள் விழுங்கினால் போதும். மருந்து அதற்குள் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

குழந்தைக்கு ஊனம் வருமோ என்ற அச்சத்தில், 2011-ல் இந்திய அரசு இந்தப் பயன்பாட்டைத் தடை செய்தது. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 750 பெண்கள் பங்கேற்றனர். பழைய குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது; லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம். பிறவிக் குறைபாட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நம் ஊரில் தடை நீங்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை பேருக்கு வயது ஏறியிருக்கும்!

இன்னொன்று: கருமுட்டை வெளிவரும் நாளைச் சொல்லும் வீட்டுச் சோதனைக் கிட், பிசிஓஎஸ் இருந்தால் ஏமாற்றக்கூடும். அந்தக் கிட் அளக்கும் எல்எச் ஹார்மோன் பலருக்கு எப்போதுமே கூடுதலாக இருப்பதால், முட்டையே வராத நாளிலும் இரண்டாவது கோடு அழுத்தமாக விழலாம். ஸ்கேனில் பார்ப்பதுதான் நம்பகமானது.