கவர்னருக்கும் கெடு இல்லை, கோப்புக்கும் கெடு இல்லை

மசோதாக்களின்மேல் கவர்னர் முடிவெடுப்பதற்கு நீதிமன்றம் காலவரம்பு விதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2025 நவம்பர் 20-ஆம் தேதி ஏகமனதாக அபிப்பிராயம் கூறியது முதற்கொண்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களிலிருந்து நமக்கு வந்துகொண்டிருக்கும் கடிதங்களைப் படித்தால், அவ்வாண்டு ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 'கெடு உண்டு' என்று சொல்லக் கேட்டு மகிழ்ந்தவர்களும், நவம்பரில் 'கெடு இல்லை' என்று கேட்டு மகிழ்ந்தவர்களும், எந்தக் கெடுவைப் பற்றிப் பேச்சு நடந்தது என்பதில் ஒருவருக்கொருவர் சளைக்காமல் குழம்பியிருப்பது தெரிகிறது. கவர்னரின் பதவிக்காலத்துக்கே கெடு வைத்துப் பிறகு எடுத்துவிட்டார்கள் என்று எண்ணியவர்களும் உண்டு. தோல் வியாபார நிமித்தம் அடிக்கடி அமெரிக்கா சென்று வரும் ஆம்பூர் வாசகர் ஒருவர், அந்நாட்டில் கவர்னர் பதவி நான்கு வருஷம் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க, இங்கே மட்டும் அது எவ்வளவு காலம் என்று ஒருவராலும் திட்டமாகச் சொல்ல முடியாதது ஏன் என்று கேட்டிருக்கிறார். விவகாரத்தின் வேர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கவர்னரை நியமிப்பவர் யார், மசோதா சட்டமாவது எப்படி என்பவற்றை விளக்கப் புகுந்தால் வாசகர்கள் நம்மைக் கோபித்துக்கொள்வார்கள். ஆகையால் நேரே அரசியல் சாசனத்தின் 156-ஆம் பிரிவுக்குப் போவோம். அப்பிரிவு முதலில், ஜனாதிபதிக்கு இஷ்டமுள்ளவரை கவர்னர் பதவி வகிப்பார் என்கிறது. பிறகு, அதற்கு உட்பட்டு ஐந்தாண்டுகள் வகிப்பார் என்கிறது. கடைசியில், ஐந்தாண்டுகள் கழிந்தாலும் அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும்வரை அவரே தொடர்வார் என்கிறது. ஜனாதிபதியின் இஷ்டம் என்பது நடைமுறையில் மத்திய மந்திரி சபையின் இஷ்டமே என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஐந்து என்ற எண் உத்தரவாதமாகவும் நிற்கவில்லை, உச்சவரம்பாகவும் நிற்கவில்லை என்பது விளங்கும். போலீஸ் அதிகாரியாகத் தொடங்கி, உளவுத் துறையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து, நாகாலாந்தில் கவர்னராக இருந்தபின் இங்கு வந்த ஆர்.என். ரவி, 2021 செப்டம்பர் 18-இல் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். கணக்குப்படி அவருடைய ஐந்தாண்டு 2026 செப்டம்பரில் நிறைய வேண்டியது. அதற்கு முன்பே அவரை வேறிடத்துக்கு அனுப்பவோ, அதற்குப் பின்னும் இங்கேயே வைத்திருக்கவோ சாசனத்தில் தடை ஏதும் இல்லை.

நியமித்தவர்களின் இஷ்டத்தில் கவர்னரின் நாற்காலி ஆடுவது புதிய காட்சி அன்று. வேலூர்க் கோட்டை அதை 1806-லேயே காட்டிக்கொடுத்தது. சிப்பாய்கள் நெற்றிக்குறி இடலாகாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று பிறந்த உத்தரவுகளால் (அத்தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு பட்டயம் இருந்தது என்பதை நம்மூர்க்காரர்கள் அறிந்துகொள்வதில் தவறில்லை) ஜூலை 10-ஆம் தேதி கிளர்ச்சி வெடித்தது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் வில்லியம் பென்டிங்க். லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்கள், பாய்க்கப்பலில் மாதக்கணக்காகப் பிரயாணம் செய்து வந்த கடிதங்களைப் படித்துவிட்டு, 1807-இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தம் தரப்பைக் கேளாமலே தம்மைத் தண்டித்துவிட்டதாக அவர் பிற்பாடு முறையிட்டார். அதே மனிதர் 1828-இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம். அவரை அனுப்பியதிலோ அழைத்துக்கொண்டதிலோ இந்தச் சீமை ஜனங்களுக்கு ஒரு பங்கும் இருக்கவில்லை.

சுதந்திரம் வந்தபின் இந்த வழக்கத்தை மாற்ற ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 1947-இல் அரசியல் நிர்ணய சபை, கவர்னரை அந்தந்த மாகாண ஜனங்களே வயதுவந்தோர் வாக்குரிமையால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற, ஏறத்தாழ அமெரிக்க முறையை ஒத்த ஏற்பாட்டைத்தான் ஒப்புக்கொண்டிருந்தது. பிறகு, ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவர்னரும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த முதல் மந்திரியும் ஓர் உறையில் இரு கத்திகளாவார்களே என்ற அச்சம் மேலிட்டு, 1949 மே மாதத்தில் தேர்தலைக் கைவிட்டு நியமனத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் தேர்தலை எடுத்தபோது கூடவே பதவிக்காலத்தின் உறுதியையும் ஏன் எடுத்தார்கள் என்பதற்குத் திருப்திகரமான விடை நமக்குக் கிடைக்கவில்லை. நீதிபதிகளும் நியமிக்கப்படுகிறவர்கள்தாம், அவர்களை ஒரு காலைப்பொழுதில் வீட்டுக்கு அனுப்பிவிட முடிகிறதா?

விளைவைத் தமிழ்நாடு நன்கு அறியும். ஜனதா ஆட்சி 1977-இல் நியமித்த பிரபுதாஸ் பட்வாரி, டில்லியில் ஆட்சி மாறியபின் 1980 அக்டோபரில் பதவி நீக்கம் செய்யப்பட்டார். 1991 ஜனவரி 30-ஆம் தேதி கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டபோது, கலைக்கும்படி அறிக்கை எழுத மறுத்த சுர்ஜித் சிங் பர்னாலாவைப் பீஹாருக்கு மாற்ற, அவர் அங்கே போகாமல் ராஜிநாமா செய்தார். 2001-இல் கருணாநிதி நள்ளிரவில் கைது செய்யப்பட்ட விவகாரத்துக்குப் பின், பாத்திமா பீவியைத் திருப்பி அழைக்க மத்திய மந்திரி சபை தீர்மானிக்க, அவரும் ராஜிநாமா செய்தார். மத்தியில் ஆட்சி மாறிய பிறகும் ஐந்தாண்டுகளை முழுதாகக் கழித்துவிட்டுப் போன ரோசய்யா போன்றவர்களும் உண்டு. அவர் 2016-இல் விடைபெற்றபின், மகாராஷ்டிரக் கவர்னரான வித்யாசாகர் ராவே ஓராண்டுக்கு மேல் இந்த மாநிலத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார், அதுவும் ஜெயலலிதா மறைந்து ஆட்சியே ஆட்டம் கண்ட காலத்தில். மத்திய சர்க்காரின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கவர்னரை நீக்கலாகாது என்று 2010-இல் பி.பி. சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீக்குவதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்வதால், கூறப்படாத காரணம் தவறானது என்று நிரூபிக்கும் பாரம் நீக்கப்பட்டவரின் தலையில் விழுகிறது.

டில்லிக்கு 'மாட்டேன்' என்று சொன்ன கவர்னருக்கு நேர்ந்ததை மேலே கண்டோம். சென்னைக்கு 'மாட்டேன்' என்று சொல்பவருக்கு, அல்லது ஒன்றுமே சொல்லாமல் இருப்பவருக்கு என்ன நேரும்? ஒன்றும் நேராது. இவ்விடத்தில்தான் இரண்டாவது கெடுவின்மை முதலாவதோடு வந்து பொருந்திக்கொள்கிறது. எந்த நாளிலும் பறிக்கப்படக்கூடிய பதவியில் இருப்பவரிடம், எந்த நாள்வரையிலும் ஒத்திப்போடக்கூடிய கோப்புகளை ஒப்படைத்திருக்கிறார்கள். இதை வகுத்தவர்கள் உத்தேசித்தே வகுத்தார்கள் என்று சொல்லமாட்டோம். உத்தேசித்து வகுத்திருந்தாலும் இதைவிட நேர்த்தியாக வந்திருக்காது.

மசோதாவுக்குச் சம்மதம் தரலாம், திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு ஒதுக்கி வைக்கலாம் என்று 200-ஆம் பிரிவு சொல்கிறது. திருப்பி அனுப்புவதானால் கூடிய விரைவில் அனுப்பச் சொல்கிறதேயன்றி, நாள் குறிக்கவில்லை. தோல் ஷாப்பில் வேலை செய்கிற எவரையும் கேளுங்கள்: சுண்ணாம்புக் குழியில் போட்ட தோலை வேண்டிய நாளில் எடுக்காமல் விட்டுவிட்டு, நான் அதைக் கெடுக்கவில்லை, சும்மாதான் இருந்தேன் என்று மேஸ்திரியிடம் சொல்ல முடியுமா? ராஜ்பவனில் சொல்ல முடிந்தது. 2020 ஜனவரியில், பன்வாரிலால் புரோஹித் காலத்தில் அனுப்பப்பட்ட மசோதாக்கள், அவர் போய் ரவி வந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னும் அப்படியே கிடந்தன. மாநில அரசு வழக்குத் தொடுத்து, 2023 நவம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தபின்தான் கோப்புகள் அசைந்தன. நவம்பர் 13-ஆம் தேதி பத்து மசோதாக்கள் திரும்பி வந்தன. காரணம் என்று ஒரு வரி இல்லை. சம்மதத்தை நிறுத்தி வைக்கிறேன் என்ற வாசகம் மாத்திரம் இருந்தது. 18-ஆம் தேதி சட்டசபை விசேஷமாகக் கூடி அவற்றை அப்படியே மறுபடி நிறைவேற்றியது. மறுபடி நிறைவேறிய மசோதாவுக்குச் சம்மதம் மறுக்கலாகாது என்று சாசனம் தெளிவாகச் சொல்லியிருக்க, 28-ஆம் தேதி பத்தும் ஜனாதிபதிக்கு ஒதுக்கப்பட்டன.

மசோதா காகிதம்தானே, காத்திருந்தால் என்ன என்று ஒரு குடியாத்தம் வாசகர் எழுதியிருக்கிறார். மனிதர்களும் காத்திருந்தார்கள் ஐயா, அதுவும் நம் பக்கத்திலேயே. ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-இல் கைதாகி, நெடுங்காலம் வேலூர் மத்தியச் சிறையில் இருந்தவர். அவருடைய மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அவர் முதலிய எழுவரையும் விடுவிக்கலாம் என்று 2018 செப்டம்பர் 9-இல் மாநில மந்திரி சபை கவர்னருக்குச் சிபாரிசு செய்தது. மன்னிப்பு வழங்கும் 161-ஆம் பிரிவில் மந்திரி சபையின் ஆலோசனை கவர்னரைக் கட்டுப்படுத்தும். ஆனாலும் அந்தக் கோப்பு 2021 ஜனவரிவரை ராஜ்பவனிலேயே இருந்துவிட்டு, பின்பு ஜனாதிபதிக்கு அனுப்பப்பட்டது. கொலையின் கொடுமையையோ, விடுதலை சரியா என்பதையோ நாம் இங்கே பேசவில்லை. 'இல்லை' என்று கவர்னர் எழுதியிருந்தால் அதை எதிர்த்து உடனே நீதிமன்றம் போயிருக்கலாம்; எழுதாததை எதிர்த்து எங்கே போவது? 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம், இந்தத் தாமதத்துக்கு நியாயம் இல்லை என்று கண்டு, தனது விசேஷ அதிகாரத்தைக் கொண்டு தானே அவரை விடுதலை செய்தது. அத்தீர்ப்பை வழங்கிய மூவரில் ஒருவர் பி.ஆர். கவாய், 2025 நவம்பரில் கெடு கூடாது என்ற ஐவர் அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இவ்விரண்டுக்கும் நடுவில், மேற்சொன்ன மசோதா வழக்கில் வந்த 2025 ஏப்ரல் 8-ஆம் தேதித் தீர்ப்பு, நீதிபதிகள் பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அளித்தது. மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடப்பதானால் ஒரு மாதம், அதற்கு மாறாக நடப்பதானால் மூன்று மாதம், மறுபடி நிறைவேறிய மசோதாவானால் ஒரு மாதம் என்று கவர்னருக்கு அவர்கள் கெடு விதித்ததோடு, பத்து மசோதாக்களும் 2023 நவம்பர் 18-ஆம் தேதியே சம்மதம் பெற்றதாகப் பாவிக்கப்படும் என்றும் தீர்த்தார்கள். அதே இருவர்தாம் அவ்வாண்டு ஜனவரி 30-இல், பாலாற்றைத் தோல் கழிவுகள் கெடுத்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு ஆறு வாரத்துக்குள் நஷ்டஈடு தரவும், நாலு வாரத்துக்குள் கமிட்டி அமைக்கவும் உத்தரவிட்டவர்கள். சர்க்காருக்கு வாரக் கணக்கில் கெடு வைக்கலாம், கவர்னருக்கு மாதக் கணக்கில்கூட வைக்கலாகாது என்றால், வித்தியாசம் எங்கே இருக்கிறது? சாசனமே நாள் குறிக்காத இடத்தில் நீதிமன்றம் குறிக்கலாகாது என்பது ஐவர் அமர்வின் விடை. சம்மதம் பெற்றதாகப் பாவிப்பதும் கூடாது என்றார்கள். ஆனால் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்கும் அதிகாரம் கவர்னருக்கு இல்லை என்றும், நீண்டகாலம் காரணமின்றிச் சும்மா இருந்தால், 'இன்ன முடிவு எடு' என்று சொல்லாமல் 'ஏதேனும் முடிவு எடு' என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நீண்டகாலம் என்பது எவ்வளவு என்று இனி ஒவ்வொரு தடவையும் வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. காலிபோர்னியாவில் சாதாரணமாகப் பன்னிரண்டு நாளுக்குள் கவர்னர் கையெழுத்திடவோ மறுக்கவோ செய்யாவிட்டால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். மறுத்தாலும் சட்டசபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மறுப்பைத் தள்ளிவிடலாம். அவருடைய பதவிக்கும் நாள் உண்டு, மேஜைமேல் இருக்கும் காகிதத்துக்கும் நாள் உண்டு. நம் நாட்டிலும் பூஞ்சி கமிஷன் 2010-இல், கவர்னருக்கு உறுதியான ஐந்தாண்டுக் காலம், மசோதாவுக்கு ஆறு மாதக் கெடு என்று இரண்டையும் சேர்த்தே சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசுக்குச் சம்மதமும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை.

மற்றக் கடிதங்களுக்குச் சுருக்கமாக.

சட்டசபை தீர்மானம் போட்டுக் கவர்னரை நீக்கலாமா? முடியாது, இல்லினாய்ஸ் சட்டசபை தன் கவர்னர் பிளகோயெவிச்சை 2009-இல் விசாரித்து நீக்கியதைப் போன்ற வழி இங்கே இல்லை.

எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் நான்கு வருஷம்தானா? நியூ ஹாம்ப்ஷயரிலும் வெர்மான்டிலும் இரண்டு வருஷம்.

கவர்னர்மேல் வழக்குப் போடலாமா? அவரை நேரே பதிலளிக்க வைக்க முடியாது. அவர் செய்ததையும் செய்யாததையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம்.

மாதச் சம்பளம்? மூன்றரை லட்சம் ரூபாய்.

குறைந்தபட்ச வயது? முப்பத்தைந்து, அதிகபட்சம் குறிப்பிடப்படவில்லை.

பத்துச் சட்டங்கள் என்னவாயின? 2025 ஏப்ரல் 11-இல் அரசிதழில் வெளியாயின. துணைவேந்தர் நியமனத்தைப் பற்றிய பகுதிகளுக்கு மே 21-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது.

நம் சேர்க்காட்டுத் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு இப்போது வேந்தர் யார்? கவர்னரே.